முனியாண்டி வளைவில் நிற்காத ஜீப்

ராஜலிங்கம் பயந்தவன். இதை மடுல்கெல்லைக் கடைத்தெருவில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் இருக்கும் மேல்கணக்குப் பிரிவுக்கு அடைமழையிலும் ஜீப் ஏற்றுகிற ஒரே ஆள் அவன்தான். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், கூரைத் தகரம், கலியாண வீட்டுக் கதிரை எல்லாம் அவன் ஜீப்பில்தான் மேலே போகும். "லிங்கத்துக்கு நெஞ்சு இரும்பு" என்று தேத்தண்ணிக் கடையில் சொல்வார்கள். அவன் பனிஸைக் கடித்துக்கொண்டிருப்பான்.

உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவன் மனைவி ஜெயராணி. தூங்கும்போது அவனுடைய வலது கால் விறைத்துக் கட்டில் சட்டத்தை மிதிக்கும். அங்கே இல்லாத பிரேக்கைத் தேடுகிற மிதி. கலியாணமான புதிதில் அவள் பதறி எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். முழங்காலில் கையை வைத்து மெதுவாக அழுத்தினால் கால் தளர்ந்துவிடும். எழுப்பத் தேவையில்லை. காலையில் அவனிடம் அதைப் பற்றிப் பேசவும் மாட்டாள்.

மற்றவள் கட்டுகஸ்தோட்டையில் பழைய ஜீப் சாமான் விற்கும் ரிப்கா. வாப்பாவுக்குக் கண் மங்கியபின் கடையை அவள்தான் பார்க்கிறாள். ராஜலிங்கம் வந்து வாங்குவதைப் பார்த்தே அவனைப் படித்துவிட்டாள்.

தோட்டத்துத் துரைமார் ஓட்டித் தேய்த்துக் கழித்த இங்கிலாந்து ஜீப் அது. ராஜலிங்கத்தைவிட வயதில் மூத்தது. அதில் அவன் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு பயம் இருந்தது. கீழ்ப்பிரிவான பணியக்கணக்கில் டிராக்டர் புரண்ட வாரம், உள்ளே தலைக்குமேல் இரும்புக் குழாயால் கூடு கட்டினான். சேற்றில் சறுக்கிய மறுநாள், பல் பெரிதாக உள்ள தடித்த டயருக்குச் சொல்லி வைத்தான். பழைய பெட்ரோல் எஞ்சின் ஒருநாள் ஏற்றத்தின் நடுவே இருமி நின்றுவிட்டது. அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. அடுத்த மாதமே ஜப்பான் லொறி ஒன்றின் டீசல் எஞ்சினைக் கழற்றி வந்து பொருத்தினான். முன் பம்பரில் இழுவைக்கு ஒரு வின்ச், பனிக்கு இரண்டு மஞ்சள் லைட், பக்கத்துச் சீட்டில் பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடி. வேறு ஜீப்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியிலிருந்து கூட்டமாக வந்து சேற்றில் குதித்து விளையாடுவார்கள். அவர்களும் இதே சாமான்களைத்தான் மாட்டியிருந்தார்கள். அவர்களுக்கு அது ஆசை.

"அண்ணே, நீங்க கேக்குறது பயத்துக்கு பார்ட்ஸ்" என்றாள் ரிப்கா ஒருநாள். "அது எங்கட கடையில இல்ல."

"இருக்கிறதக் குடு தங்கச்சி."

"சொல்றதக் கேளுங்க. எஞ்சின் பெருசாக்கிட்டீங்க, டயரும் பெருசு. நடுவுல சக்கரத்தச் சுத்துற எக்சல் மட்டும் அந்தக் காலத்துச் சாமான். ரெண்டு பேருக்கும் நடுவுல அது மாட்டிக்கிட்டு என்ன பாடுபடும்? அத மாத்துங்க."

எக்சல் கண்ணுக்குத் தெரியாத சாமான். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் கனவில் வருவது பள்ளமும் வளைவும்தான், எக்சல் அல்ல. அதனால் அதை மட்டும் தள்ளிப்போட்டான்.

ஜீப்பைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமானால் உள்ளே சிவப்புத் தலை லீவரைப் போட்டால் மட்டும் போதாது. இறங்கிப் போய், முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் குமிழ்கள் இரண்டையும் கையால் திருகி லொக் பண்ண வேண்டும். ஹப் போடுவது என்பார்கள். ஒன்றைப் போட்டு மற்றதை விட்டாலும் பலனில்லை. போடாவிட்டால் முன் சக்கரங்கள் வெறுமனே உருளும். இழுப்பதும் பிடிப்பதும் பின் சக்கரங்கள் மட்டும். அடுத்தது ஹேண்ட் பிரேக். அது நேராகச் சக்கரத்தைப் பிடிக்காது. வண்டியின் வயிற்றுக்கடியில் சுற்றும் தண்டைப் பிடிக்கும். தண்டிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் எக்சல் முறிந்தால் ஹேண்ட் பிரேக் பிடித்தும் பிரயோசனமில்லை.

தார் ரோடு முடிந்து கல் ரோடு தொடங்குகிற வளைவில், பலா மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். ஒரு சூலம், மூன்று கல், எண்ணெய் வடிந்து கறுத்த ஒரு மாடம். மேலே போகிற எந்த வண்டியும் அங்கே நிற்காமல் போகாது. ராஜலிங்கமும் இறங்குவான். தகர மூடியில் சூடத்தை வைத்துக் கொளுத்துவான். இடது கையில் அதை ஏந்திக்கொண்டு ஜீப்பைச் சுற்றுவான். இடது முன் சக்கரத்துக்குச் சூடம் காட்டி, வலது கையால் ஹப்பைத் திருகுவான். பின் சக்கரங்களுக்குச் சும்மா காட்டுவான். வலது முன் சக்கரத்துக்கு வந்து மறுபடி காட்டி, மறுபடி திருகுவான். சூடம் அணையும்போது இரண்டு ஹப்பும் லொக்கில் விழுந்திருக்கும். முதல் நாளே அப்படி வாய்த்தது. அப்படியே பழகிவிட்டது. ஹப் போடுவது தனி வேலை என்ற நினைப்பே அவனுக்கு இல்லாமல் போயிருந்தது.

ராஜலிங்கத்தின் சித்தப்பா இறந்து பதினாறு நாள் கழியவில்லை. மேல்கணக்கில் மழை விடாமல் பெய்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, எல்லாரும் இறங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாரும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போனார்கள். சித்தப்பாவின் மனைவி பாலம்மா மட்டும் அசையவில்லை. ராஜலிங்கம் வந்தால் அவன் வீட்டுக்கு வருவேன், அலுமாரியோடுதான் வருவேன் என்றாள்.

காலையில் ஜெயராணியும் அவனும் கிளம்பினார்கள். முனியாண்டி வளைவு வந்ததும் அவன் கால் தானாகப் பிரேக்கைத் தொட்டது.

"தீட்டுங்க" என்றாள் ஜெயராணி.

அவனுக்கும் அது தெரியும். சாவுத் தீட்டோடு அங்கே இறங்கக் கூடாது, சூடம் காட்டக் கூடாது. மாடத்தின் பக்கம் பார்க்காமல், "மன்னிச்சுக்கப்பா" என்று முணுமுணுத்தான். கன்னத்தில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. சிவப்பு லீவரை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினான்.

வழியெல்லாம் ஜீப்பின் பின்பக்கம் உறுமியது. பின் டயர்கள் சேற்றை வாரி அடித்தன.

"என்னங்க, இன்னைக்கு வண்டி முனகுது?"

"மழ."

முனியாண்டியைத் தாண்டி வந்துவிட்டோமே என்ற குறுகுறுப்பு அவனுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. வண்டியின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க அது விடவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நாலு பேர் சேர்ந்து அலுமாரியைத் தூக்கி, பின்கதவு வழியாகப் படுக்கையாகத் தள்ளிக் கயிறு போட்டார்கள். அதற்கு முன்பே பாலம்மா ஏறிப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது பின்கதவை அலுமாரி அடைத்துக்கொண்டது. சீட்டைத் தாண்டி முன்னால் வர அவள் முழங்கால் இடம் கொடுக்காது.

"உள்ள என்ன சின்னம்மா, இந்தக் கனம் கனக்குது?"

"ஒண்ணுமில்லடா. காலி."

"காலி அலுமாரிக்கா இந்தப் பாடு?"

"ஒங்க சித்தப்பா செஞ்சது. தேக்கு. காலியா இருந்தா அது அலுமாரி இல்லன்னு ஆயிருமா?"

இறக்கம் தொடங்கியது. முதல் கியர், சிவப்பு லீவர். எஞ்சினே வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கும். பிரேக்கைத் தொடவே தேவையில்லாத முறை அது. முதல் வளைவு கழிந்தது. இரண்டாவதும் கழிந்தது. மூன்றாவது வளைவுக்கு மேலே, ரோடு நேராகப் பள்ளத்தைப் பார்த்து இறங்கி, கடைசியில்தான் இடது பக்கம் திரும்பும். அந்த இடத்தில் சீட்டுக்குப் பின்னால், கீழே, கட்டை முறிந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

எஞ்சின் சத்தம் சட்டென்று தணிந்தது. வண்டி மட்டும் வேகம் எடுத்தது.

ராஜலிங்கம் பிரேக்கை மிதித்தான். நனைந்த பிரேக் முதலில் பிடிக்கவில்லை. பிறகு பிடித்தது. டயர்கள் களிமண்ணில் இழுபட்டன. ஜீப் சறுக்கிக்கொண்டே போய் நின்றது. வலது முன் டயருக்கு அப்பால் இரண்டு சாண் ரோடு, அதற்கப்பால் பனி. பனிக்குக் கீழே எங்கேயோ தேயிலை.

கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். பெடலில் காலைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தான். வண்டி நகர்ந்தது. மறுபடி மிதித்தான்.

"எக்சல் போச்சு" என்றான். "ஹேண்ட் பிரேக் பிடிக்காது. ராணி, நான் கால எடுக்க முடியாது."

இடது பக்கம் மலை. ஆனால் மலைக்கும் ரோட்டுக்கும் நடுவே, மழை அரித்து ஆள் உயரத்துக்குப் பிளந்த கான், தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். அதில் சக்கரத்தை இறக்கினால் வண்டி புரளும். அலுமாரி பாலம்மாவின் மேல் விழும். டயருக்கு வைக்கும் மரக்கட்டை வண்டியில் எப்போதும் இருக்கும். அது அலுமாரிக்கு அடியில் கிடந்தது. தலைக்குமேல் குழாய்க் கூடு, முன்னால் வின்ச், லைட், கைப்பிடி. எத்தனையோ இரவு யோசித்து யோசித்து மாட்டிய சாமான்கள். வின்ச் முன்பக்கம் இழுக்கத்தான் ஆகும். கீழே போகிற வண்டியைப் பிடிக்க அதில் ஒன்றுமில்லை.

ஜெயராணி தன் பக்கக் கதவைத் திறந்து, கானின் விளிம்பில் காலை ஊன்றி இறங்கினாள். ஒரு பெரிய கல்லைப் புரட்டி வந்து இடது டயருக்கு முன்னால் வைத்தாள். "லேசா விட்டுப் பாருங்க."

விட்டான். டயர் கல்லையும் சேர்த்துச் சேற்றில் தள்ளிக்கொண்டு போனது. மிதித்தான்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. மிதித்துப் பிடித்திருந்த பெடல் அவன் காலடியில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. எங்கேயோ பிரேக் ஒயில் கசிகிறது. அடிவரை போய்விட்டால் பிரேக்கே இல்லை. ஒரு நொடி விட்டு மறுபடி மிதித்தால் பெடல் மேலே வரும். அந்த ஒரு நொடிக்கு வண்டி பள்ளத்தைப் பார்த்து நகரும்.

"டேய் லிங்கம்" என்றாள் பாலம்மா பின்னாலிருந்து. "வரும்போது முனியாண்டிகிட்ட நின்னியா?"

"தீட்டு சின்னம்மா. எப்பிடி நிக்கிறது?"

"நிக்காம தாண்டிட்டியா!"

நிற்காமல் வந்ததற்குத்தான் இது. பலா மரத்தடி, தகர மூடி, சூடம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. கும்பிடுவதற்காக அந்த வளைவை மனதுக்குள் மறுபடி சுற்றினான். இடது கையில் சூடம். இடது சக்கரம். வலது கை குனிகிறது, திருகுகிறது.

"ராணி!" என்று கத்தினான். "ஹப் போடல! ஹப் போடாமத்தான் ஏறி வந்திருக்கோம்! ரெண்டு ஹப்பும் விழுந்தா ஹேண்ட் பிரேக் முன் சக்கரத்தப் பிடிச்சுக்கும்!"

இத்தனை வருடம் சீட்டிலிருந்து பார்த்திருக்கிறாள். இடது சக்கரத்தருகே குந்தினாள். "எந்தப் பக்கம் திருகணும்?"

"சூடம் சுத்துற பக்கம்!"

'டக்' என்று விழுந்தது. இனி வலது பக்கம். அந்தப் பக்கம் டயருக்கு வெளியே நிற்க இடமில்லை. பின்னால் சுற்றி வந்தாலும் அங்கே போய்ச் சேர வழியில்லை. ஜீப்பின் மூக்குக்கு முன்னால்தான் போக வேண்டும்.

"முன்னால போகாத! கால் வழுக்குனா நீ டயருக்கு அடியில!"

"அப்ப பறந்தா போறது?"

போனாள். கண்ணாடிக்கு வெளியே அவள் தலை மட்டும் தெரிந்தது. அப்புறம் குனிந்துவிட்டாள், அதுவும் தெரியவில்லை. பார்க்காமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அவனுக்குப் பெரிய பயமாக இருந்தது. அவள் உயிர் இப்போது அவனுடைய வலது பாதத்தின் கீழே, இறங்கிக்கொண்டிருக்கும் அந்த இரும்புத் துண்டில் இருந்தது. தொடை நடுங்கத் தொடங்கியது. நடுக்கத்தில் கால் நழுவிவிடுமோ என்று இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிக்கொண்டான்.

"சேறு அடைச்சிருக்கு. திரும்ப மாட்டேங்குது."

"தொடச்சிட்டுத் திருகு!"

"தொடச்சுக்கிட்டுத்தான இருக்கேன், கத்தாதீங்க!"

பெடல் அடியைத் தொடப்போகிறது. "ராணி, விட்டு மிதிக்கணும்! வண்டி நகரும்! தள்ளிப் போ!"

"எங்க தள்ளிப் போறது? பள்ளத்துக்கா?"

பிறகு வின்சின் இரும்பில் கை விழுந்தது. அடுத்து முழங்கால். ஜெயராணி பம்பர்மேல் ஏறி, வின்சைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். முகமெல்லாம் சேறு. சேலைத் தலைப்பு வாயில். வண்டி போனால் அவளும் அதோடு போவாள்.

"ம்" என்றாள்.

அவன் காலை எடுத்தான். ஜீப் இருவரையும் பாலம்மாவையும் அலுமாரியையும் சுமந்துகொண்டு நகர்ந்தது. மிதித்தான். நின்றது. இரண்டு சாண் ஒரு சாணாகியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே அவள் இன்னும் இருந்தாள்.

அவள் ஒரு கையால் வின்சைப் பிடித்துக்கொண்டு, பம்பரிலிருந்தே தலைகீழாகத் தொங்கி வலது சக்கரத்துக்குக் கை நீட்டினாள். பின்னால் பாலம்மா முனியாண்டியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

'டக்.'

அவன் ஹேண்ட் பிரேக்கை மேலே வரை இழுத்தான். இனி காலை எடுக்கலாம். எடுக்க வேண்டும். பெடல் மறுபடி இறங்கத் தொடங்கிவிட்டது. கால் வரவில்லை. சற்று முன்னால் இதே ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் ஏமாந்தான். காலுக்கு அது ஞாபகம் இருந்தது.

ஜெயராணி முன்பக்கமாகவே திரும்பி வந்து இடது கதவைத் திறந்தாள்.

"நீ ஏறாத" என்றான். "வெளிய நில்லு. பிடிக்கலைன்னா நானும் சின்னம்மாவும் போறோம், நீயாவது..."

அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "எடுங்க."

"ராணி..."

"வெளிய நின்னு என்னத்தப் பாக்கச் சொல்றீங்க? எடுங்க கால."

"ரெண்டு பேரும் பேசி முடிங்க" என்றாள் பாலம்மா. "நான் இங்க தேக்குக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

ஜெயராணி சேற்றுக் கையை அவன் முழங்காலில் வைத்தாள். மெதுவாக அழுத்தினாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான். எத்தனையோ இரவுகளில் அது அங்கே இருந்திருக்கிறது, அவனுக்குத்தான் தெரியாது. காலுக்குத் தெரிந்திருந்தது. தொடை தளர்ந்தது. பாதம் பெடலை விட்டு எழுந்தது.

ஜீப் முனகியது. ஒரு விரல் நகர்ந்தது. நின்றது.

நின்றபடியே இருந்தது.

பிறகு அவன் முதல் கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்தான். உயிரோடு இருந்த முன் சக்கரங்கள் இரண்டும், எஞ்சினின் பிடியில், நடக்கிற வேகத்தில் ஜீப்பை வளைவுக்குள் இறக்கின. முனியாண்டி வளைவு வரும்வரை அவன் கண்ணிமைத்ததாகவே நினைவில்லை. அங்கே வண்டியை நிறுத்தினான். இறங்கவில்லை. கைகளைச் சேர்க்க முயன்றான். அவை ஸ்டீரிங்கை விட மறுத்தன.

"தீட்டு" என்றாள் ஜெயராணி. "சும்மா இருங்க. அவருக்குத் தெரியும்."

மறுநாள் கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ்ஸில் போனான். முறிந்த எக்சல் துண்டைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போயிருந்தான். ரிப்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வழக்கமான பகிடி ஒன்று அவள் நாக்கு நுனியில் இருந்திருக்கும். அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டாள். உள்ளே போய்த் தடித்த புது எக்சல் இரண்டைக் கொண்டுவந்து வைத்தாள். பிரேக் சாமான்களையும் கேட்காமலே எடுத்து வைத்தாள்.

"ஹப்ப இனி எந்த நாளும் லொக்லயே விட்டுருங்க அண்ணே. ஒண்ணும் ஆகாது, கொஞ்சம் டீசல் கூடக் குடிக்கும்."

"இல்ல தங்கச்சி. கையால போட்டாத்தான் எனக்கு நம்பிக்கை."

பதினாறு முடிந்து முதல் தடவை மேலே போனபோது, பலா மரத்தடியில் வெறும் கையோடு இறங்கினான். ஜீப்பைச் சுற்றி வந்து இரண்டு ஹப்பையும் போட்டான். இரண்டையும் ஆட்டிப் பார்த்தான். அதற்குப் பிறகே சூடத்தைக் கொளுத்திக்கொண்டு மறுபடி சுற்றினான்.

"ஒரு தடவ சுத்துனா போதாதாமா?" என்றாள் பாலம்மா. மேல்கணக்கில் விட்டுவந்த அம்மியை எடுக்க அவளும் கூட வந்திருந்தாள்.

"மொதல்ல வண்டிக்கு. அப்புறம் முனியாண்டிக்கு" என்றாள் ஜெயராணி.

தேத்தண்ணிக் கடையில் இப்போதும் அவனை இரும்பு நெஞ்சுக்காரன் என்றுதான் சொல்கிறார்கள். அவன் கால் இப்போதும் தூக்கத்தில் கட்டிலை மிதிக்கிறது, முன்னைவிட அதிகமாக. ஒருநாள் அதில் அவனே விழித்துக்கொண்டான். பக்கத்தில் ஜெயராணி நல்ல தூக்கத்தில் இருந்தாள். அவளுடைய வலது கை போர்வைக்கு வெளியே நீண்டு, வெறுங்காற்றில் எதையோ திருகிக்கொண்டிருந்தது. திருகியது, வழுக்கியது, மறுபடி திருகியது. ராஜலிங்கம் சற்று நேரம் பார்த்தபடி கிடந்தான். பிறகு அந்தக் கையைப் பிடித்து, அது அடங்கும்வரை வைத்திருந்தான்.